காலைல மட்டும் பாதி சேனல் வராத டிஷ்: சத்துவாச்சாரி வீட்டு கேஸ் முழுசா

வேலூர் சத்துவாச்சாரில ரங்காபுரம் பக்கம் ஒரு வீடு. மொட்ட மாடில டிடிஎச் டிஷ், கீழ ஹால்ல டிவி, நடுவுல சுமாரா 25 மீட்டர் கேபிள். கம்ப்ளெயின்ட் இதுதான்: மார்கழி பொறந்ததுல இருந்து விடியக்காலைல பாதி சேனல் வர்றதில்ல. எல்லா சேனலும் போச்சுன்னா டிஷ் ஆடிடுச்சு, வயர் அறுந்துடுச்சுன்னு உடனே சொல்லிடலாம், இங்க அப்படி இல்ல, சில நியூஸ் சேனல் பளிச்சுன்னு ஓடுது, பக்தி சேனல் போட்டா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுபோய் கடைசில சிக்னல் இல்லைன்னு வருது, பத்து பதினோரு மணிக்கு வெயில் ஏறினதும் யாரும் கை வைக்காமலே எல்லாம் தானா சரியாயிடுது. வீட்ல இருக்கற ஆயாவுக்கு மார்கழி பூரா காலைல டிவில திருப்பாவை கேட்டாகணும். "இன்னா நைனா இது, சாமி சேனலு மட்டும் எனக்கு வர்ல, மத்தியானம் போட்டா வருது, அப்போ யாரு கேக்கறது"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியத்துலயே பாதி கேஸ் இருக்கு, அதனாலதான் இதை விலாவாரியா எழுதறேன்.

நான் போறதுக்கு முன்னாடியே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லியிருந்தாங்க. பேக் முடிஞ்சிருக்கும்னு ஒருத்தரு. பேக் முடிஞ்சா அது மத்தியானமும் வராது, அது இல்ல. கம்பெனிக்கு போன் பண்ணதுக்கு எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னாடி நின்னு சிக்னலை வாங்கற கருவி) மாத்தணும், முடிஞ்சா டிஷ்ஷையே புதுசா போட்டுக்கங்கன்னு சொல்லியிருக்காங்க. ஆயாவோட பையன் ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, காலைல வீட்ல இருக்கறதே அபூர்வம், அவரு பார்த்தப்பல்லாம் டிவி ஒழுங்கா ஓடியிருக்கு, அதனால "நல்லாதான்மா கீது"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு. மழைக்கு சிக்னல் போறது சகஜம்தானேன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. அது உண்மைதான், டிடிஎச் சிக்னல் வர்ற கேயூ பேண்ட் அலையை கனமழை விழுங்கிடும், ஆனா அப்படி போனா எல்லா சேனலும்தான் தடுமாறும், மேகம் நகர்ந்ததும் திரும்பிடும். மார்கழில மழையே இல்லாம வானம் வெள்ளையா இருக்கும்போது பாதி சேனல் மட்டும் போறதுக்கு அது காரணம் ஆகாது.

இந்த மாதிரி கேஸ்ல முதல்ல ஸ்பேனரை எடுக்கக்கூடாது, பேனாவைத்தான் எடுக்கணும். அந்த வீட்டு மருமக நல்லா படிச்சவங்க, அவங்களை தினசரி காலண்டர் கிழிச்ச பேப்பர் பின்னாடி எந்த சேனல் வருது எந்த சேனல் வரலைன்னு காலைல எழுதி வைக்கச் சொன்னேன். எழுதினதைப் பார்த்தா தெளிவா தெரிஞ்சுது, வராத சேனல் எல்லாம் தினமும் அதே சேனல்தான், ஒண்ணு கூட மாறல. பாக்ஸ்ல மெனுக்குள்ள போய் சிக்னல் பக்கத்தைத் திறந்தா ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டருக்கும் (சாட்டிலைட்ல சில சேனலை சேர்த்து அனுப்பற பிரிவு) எதிர்ல வி, எச்னு போட்டிருக்கும். வர்ற சேனல் அத்தனையும் வி, வராதது அத்தனையும் எச். இதைப் பார்த்ததுமே எனக்கு கோளாறு டிஷ்லயோ வானத்துலயோ இல்ல, கேபிள்ல எங்கயோ ஒரு மூட்டுலதான்னு பலமா தோணிடுச்சு.

ஏன்னு புரியணும்னா அந்த கேபிள் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும். நிறைய பேரு டிஷ்ல இருந்து படம் கீழ வருது, அவ்வளவுதான் கேபிளோட வேலைன்னு நினைக்கறாங்க. அதே நடு கம்பில பாக்ஸ்ல இருந்து கரண்ட் மேல போகுது. டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பி நுனில இருக்கற எல்என்பி சும்மா ஒரு பிளாஸ்டிக் மூடி இல்ல, அதுக்குள்ள ஒரு சர்க்யூட் இருக்கு, அது 10.7ல இருந்து 12.75 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலையை வாங்கி 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி கேபிள்ல அனுப்புது, ஏன்னா அவ்வளவு உசந்த அலை சாதா கேபிள்ல கொஞ்ச தூரத்துக்குள்ளயே செத்துடும். அந்த சர்க்யூட்டுக்கு வேண்டிய கரண்ட் பாக்ஸ்ல இருந்துதான் வரணும். சாட்டிலைட் ஒரே அலைவரிசைல ரெண்டு விதமா அனுப்பும், ஒண்ணு நிக்கற அலை, இன்னொண்ணு படுத்த அலை, அதுதான் வி, எச். நீங்க ரிமோட்ல வி சேனல் போட்டா பாக்ஸ் 13 வோல்ட் மேல அனுப்பும், எச் சேனல் போட்டா 18 வோல்ட் அனுப்பும். எல்என்பி அந்த வோல்ட்டைப் பார்த்துதான் எந்தப் பக்கத்தைக் கேக்கணும்னு முடிவு பண்ணுது, வி, எச் மாத்தறதுக்கு வேற உத்தரவு அதுக்கு கிடையாது. பொதுவா 11.5ல இருந்து 14 வரைக்கும் வந்தா வி, 16ல இருந்து 19 வரைக்கும் வந்தா எச். 14க்கும் 16க்கும் நடுவுல வந்தா அது பாடு திண்டாட்டம், இப்படியும் போகும் அப்படியும் போகும்.

அப்போ வழில எங்கயாவது 3 வோல்ட் காணாம போச்சுன்னா என்ன ஆகும்? 13 போட்டது 10 ஆகும், எல்என்பிக்கு உள்ள இருக்கற ரெகுலேட்டருக்கு அதைவிட கம்மியே போதும்ங்கறதால அது பெரும்பாலும் எப்படியோ ஓடிடும், வி சேனல் வந்துகிட்டே இருக்கும். 18 போட்டது 15 ஆகும், எல்என்பி குழம்பிடும், எச் சேனல் போயிடும். ஆயா சொன்னது அச்சு அசலா இதுதான்.

இன்னொரு சந்தேகம் வரலாம், மூட்டு கெட்டுபோயிருந்தா வி சேனல் மட்டும் எப்படி அவ்வளவு பளிச்சுன்னு வரும்னு. ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் கிட்ட இருக்கற சிக்னல் சின்ன இடைவெளியைத் தாண்டிடும், ரெண்டு கம்பி முனை சரியா ஒட்டாம துரு நடுவுல இருந்தாலும் கூட கொஞ்சம் குறைஞ்சு கடந்துடும். நேர் கரண்ட் அப்படி தாண்டாது, அதுக்கு உலோகம் உலோகத்தைத் தொடணும். அதனால அரைகுறையா தொடற மூட்டுல மொதல்ல அடிபடறது வோல்ட்டுதான், படம் அப்புறம்தான்.

ஆனா நினைக்கறது வேற, நிரூபிக்கறது வேற. டிஷ் திசையை நான் தொடவே இல்ல. வி, எச் ரெண்டும் ஒரே சாட்டிலைட்ல இருந்து ஒரே திசைல வருது, வி பக்கம் குவாலிட்டி நிறைஞ்சு இருக்குன்னா டிஷ் சரியாத்தான் பார்த்துகிட்டு இருக்குன்னு அர்த்தம். இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, சேனல் வரலைன்னதும் மாடிக்கு ஓடி டிஷ்ஷைப் புடிச்சு ஆட்டறதுதான் எல்லா வீட்லயும் நடக்குது. நம்ம ஊர்ல இருந்து பார்த்தா டிடிஎச் சாட்டிலைட் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவுல, நல்லா உசரத்துல இருக்கு, ஒரு ரெண்டு டிகிரி நகர்ந்தாலே போச்சு, அப்புறம் அதைத் திரும்ப உக்கார வைக்க ஆளைக் கூப்பிடணும். துணி காயப்போடற கயித்தை டிஷ் பைப்புல கட்டறதும் அதே மாதிரி ஆபத்து, தயவுசெஞ்சு கட்டாதீங்க, ஈரத்துணி பாரம் ஒரு பக்கம் இழுத்துகிட்டே இருக்கும்.

அடுத்து எல்என்பி. கம்பெனி சொன்ன மாதிரி அதோட எச் பக்கம் மட்டும் கெட்டுபோறதுக்கும் வாய்ப்பு இருக்கு, அதை ஒதுக்கித் தள்ளாம சோதிச்சுதான் ஆகணும். பாக்ஸையும் ஒரு சின்ன டிவியையும் விடிகாலைல மாடிக்கு தூக்கிட்டு போய் ஹெட்ரூம்ல (மாடிப்படி முடியற இடத்து ரூம்) இருக்கற பிளக்குல எக்ஸ்டென்ஷன் போட்டு, புதுசா ஒரு நாலு மீட்டர் வயர்ல எல்என்பிக்கு நேரா குத்தினோம். தரை, கைப்பிடி செவுரு எல்லாம் பனில ஈரம், கீழ ஹால்ல எச் சேனல் வராத அதே நேரம். மேல அத்தனை சேனலும் வந்துச்சு. பாக்ஸ் நல்லா இருக்கு, எல்என்பி நல்லா இருக்கு, கேபிள்தான். ஆயா கீழ இருந்து "வந்துச்சா நைனா"ன்னு கேட்டுகினே இருந்தாங்க, மருமக போன்ல திருப்பாவை சத்தத்தைக் கேக்க வச்சாங்க.

இந்த வேலைக்கு முன்னாடி ஒரு விஷயம் கட்டாயம். டிவி, பாக்ஸ் ரெண்டோட பிளக்கையும் புடுங்கிட்டுதான் வயரைக் கழட்டணும். ரெண்டு பின் பிளக் வர்ற பாக்ஸ்ல கேபிள் மேல் உலோகத்தைத் தொட்டா சுருக்குன்னு ஒரு ஷாக் தெரியும், ஈரத்தரைல வெறுங்காலோட நின்னா இன்னும் அதிகமா தெரியும், திடுக்குன்னு கையை உதறி மாடி ஓரத்துல தடுமாறினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. அதோட ஆன்ல இருக்கும்போது கழட்டினா நடு கம்பி அதைச் சுத்தியிருக்கற உலோக வலைல உரசி பாக்ஸோட சப்ளை ஷார்ட் ஆகும். மாடிக்கு பக்கத்துல ஈபி லைன் போகுதுன்னா நீளமான கம்பி, பைப்பு எதையும் கைல வச்சுகிட்டு அங்க நிக்கவே வேண்டாம்.

இப்போ வோல்ட் அளக்கற மீட்டர். இங்கதான் நிறைய பேரு, சர்வீஸ் பண்றவங்களே கூட, கேபிள் நல்லா இருக்குன்னு முடிவு கட்டிட்டு எல்என்பியை மாத்திடறாங்க. பாக்ஸை கீழ பழைய இடத்துல வச்சு, பிளக்கைப் புடுங்கி மேல எல்என்பில இருந்து வயரைக் கழட்டிட்டு, திரும்ப ஆன் பண்ணி எச் சேனல் போட்டு நடு கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் மீட்டர் வச்சா 18.2 வோல்ட் காட்டுச்சு. குறையே இல்லாத கேபிள் காட்டற அதே அளவு. ஆனா எல்என்பி கழட்டி இருக்கும்போது வயர்ல கரண்ட் ஓடவே இல்ல, மீட்டர் இழுக்கறது ஒண்ணுமே இல்லாத அளவு. பாதி அடைச்ச ரப்பர் ட்யூப்ல கூட நுனியை மூடி வச்சா அழுத்தம் முழுசா இருக்கும், திறந்து விட்டாத்தான் தண்ணி சொட்டறது தெரியும். அதே கணக்குதான் இங்கயும், லோடு, அதாவது கரண்ட் இழுக்கற ஏதாவது ஒண்ணு, கொடுத்து பார்க்காத வோல்ட்டை நம்பவே கூடாது.

லோடு கொடுக்க பெருசா எதுவும் வேணாம். எலக்ட்ரானிக்ஸ் கடைல 120 ஓம், 5 வாட்னு கேட்டா வெள்ளைக் கலர்ல ஒரு சிமெண்ட் ரெசிஸ்டர் தருவாங்க, விலை ரொம்ப கம்மி. 18 வோல்ட்ல அது 150 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஒரு எல்என்பி இழுக்கறதுக்கு கிட்டத்தட்ட சமம். பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு வயர் நுனில நடு கம்பிக்கும் வெளிக்கும் நடுவுல அதை மாட்டி, ஆன் பண்ணி, அதே ரெண்டு இடத்துல மீட்டர் வச்சோம். 15.1. திரும்ப எடுத்தா 18.2, மாட்டினா 15.1. மூணு வோல்ட் வழில போயிடுச்சு. கணக்கு போட்டா வழில சுமார் 25 ஓம் தடை உக்காந்திருக்கு, 25 மீட்டர் நல்ல கேபிள்ல போக வர சேர்த்து 3, 4 ஓம்தான் வரணும். ரெசிஸ்டர் நல்லா சூடாகும், வெறும் விரலால புடிக்காதீங்க, அளந்ததும் ஆஃப் பண்ணிடுங்க. அதே நாள் மத்தியானம் வெயில் காஞ்சப்புறம் அதே ரெசிஸ்டரை மாட்டி அளந்தா 17 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. காலைல பனில ஈரமாகி கெட்டு, மத்தியானம் காஞ்சு தேறற ஒரு மூட்டு கேபிள்ல இருக்குன்னு இதுக்கு மேல சாட்சி வேணாம்.

ரெசிஸ்டர் கிடைக்கலைன்னா இன்னொரு வழி இருக்கு, அவ்வளவு நம்பகம் இல்லைன்னாலும் வேலைக்கு ஆகும். கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டிட்டு, ஒரு பக்கம் நடு கம்பியையும் வெளியையும் ஒரு துண்டு கம்பியால சேர்த்து வச்சு, இன்னொரு பக்கம் ஓம்ல அளக்கறது. யாராவது ஒருத்தர் மூட்டை லேசா அசைக்கணும். எண் அசையாம 3, 4ல நின்னா நல்லது, 9, 20, 40ன்னு ஆடினா அசைச்ச இடத்துலதான் பிரச்சனை. சேர்த்த கம்பியை எடுத்துட்டா மீட்டர் ஒண்ணுமே காட்டக்கூடாது, அப்பவும் ஏதாவது காட்டினா உள்ள தண்ணி இருக்கு இல்ல வலை நடு கம்பியைத் தொடுது.

மூட்டு எங்க இருக்குன்னு வீட்ல யாருக்கும் தெரியல, இருக்கறதே தெரியல. ஹால்ல இருந்து கேபிள் பைப்புக்குள்ள ஏறி மாடிக்கு வர்ற வரைக்கும் ஒரு கலர்ல இருக்கு, எல்என்பிகிட்ட வேற கலர்ல இருக்கு, அப்போ நடுவுல எங்கயோ சேர்த்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. தடவிகிட்டே போனா தண்ணி டேங்குக்கு பின்னாடி, கைப்பிடி செவுத்துக்கும் டேங்க் மேடைக்கும் நடுவுல, கருப்பு டேப்பு சுத்தின ஒரு முடிச்சு. டேப்பு கைல எடுத்ததும் பிசின் ஒழுகி தானா பிரிஞ்சு வந்துடுச்சு. உள்ள ரெண்டு எஃப் கனெக்டர், நடுவுல ஒரு ஜாயின்டர்.

எஃப் கனெக்டர்னா பாக்ஸ் பின்னாடி திருகற அந்த சின்ன வெள்ளி நட்டு, கடைல எஃப் பின்னுன்னு கேட்டா தருவாங்க. இதுல ஒரு விசேஷம், மத்த பிளக் மாதிரி இதுக்கு தனியா பின் கிடையாது, கேபிளோட நடு கம்பியே பின்னா நீட்டிகிட்டு நிக்கும். அமெரிக்காவுல 1950கள்ல கேபிள் டிவிக்காக செஞ்சது, விலை கம்மியா இருக்கணும்னே அப்படி அமைச்சாங்க. அதனால கேபிள் கம்பி துருப்புடிச்சா பின் துருப்புடிச்சதா அர்த்தம், நட்டு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

இங்க நட்டு ரெண்டும் வெளில நல்லாத்தான் இருந்துச்சு. எல்என்பி பக்கத்து கனெக்டரைத் திருகி எடுத்தா கம்பியோட நுனி வரல, ஜாயின்டர் உள்ளயே முறிஞ்சு நின்னுடுச்சு, மீதி கம்பி செம்பு கலரே இல்லாம துருவேறி பென்சில் சீவின மாதிரி மெலிஞ்சு இருந்துச்சு. முறிஞ்ச ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு லேசா முட்டிகிட்டு இருந்ததுலதான் இவ்வளவு நாள் டிவி ஓடியிருக்கு. வீட்டுக்கு வர்ற டிஷ் வயர்ல பெரும்பாலும் நடு கம்பி முழு செம்பு கிடையாது, இரும்பு கம்பி மேல செம்பு பூச்சு. சிக்னல் கம்பியோட மேல்தோல்ல மட்டும்தான் ஓடும்ங்கறதால அதுக்கு அந்த பூச்சே போதும், தப்பான சரக்குன்னு சொல்ல முடியாது. ஆனா வெட்டின முனைல இரும்பு வெளில தெரியும், அங்க தண்ணி பட்டா துரு அந்த இடத்துலதான் தொடங்கும். வெளி வலை அலுமினியம், அது வெள்ளைப் பொடியா உதிர்ந்துச்சு. செம்பும் அலுமினியமும் பித்தளை நட்டும் ஈரத்துல ஒண்ணா ஊறினா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னும், அது கூட மழைத்தண்ணில கரைஞ்சு வர்ற மாடித் தூசி வேற.

ரெண்டாவது பக்கம்தான் எனக்கு வேரே பிடிபட்ட இடம். ஹால் பக்கத்துல இருந்து வர்ற வயர் டிஷ் வயரே இல்ல, அது அந்தக் காலத்து லோக்கல் கேபிள் டிவிக்கு இழுத்த ஆர்ஜி 59. டிடிஎச் மாட்டும்போது பைப்புக்குள்ள இருந்த பழைய வயரை உருவாம, மாடில புது ஆர்ஜி 6 வயரோட சேர்த்து விட்டிருக்காங்க. ரெண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஆனா ஆர்ஜி 6 வெளி கனம் ஏறக்குறைய 6.9 மில்லிமீட்டர், ஆர்ஜி 59 ஏறக்குறைய 6.1. ஆர்ஜி 6க்கு செஞ்ச திருகு கனெக்டரை ஆர்ஜி 59 மேல திருகினா பிடி கிடைக்காது, லொடலொடன்னு நிக்கும். இங்க அந்த லூஸை மறைக்க டேப்பு சுத்தி அது மேல திருகியிருக்கு. வலைக்கும் கனெக்டருக்கும் தொடர்பு டேப்பு அழுத்தத்துல மட்டும் நின்னுகிட்டு இருந்துச்சு, அந்த வழியாத்தான் தண்ணியும் உள்ள போயிருக்கு.

வேலூர் வெயில் இதுல பெரிய பங்காளி. கத்திரில 40 டிகிரி தாண்டறது நமக்கு புதுசு இல்ல, அது நிழல்ல அளக்கறது, மொட்ட மாடி சிமெண்ட் தரையும் கருப்பு டேப்பும் அதைவிட எவ்வளவோ மேல கொதிக்கும். சாதா பிவிசி இன்சுலேஷன் டேப்போட பிசின் அந்த சூட்டுல இளகி நழுவிடும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு டேப்பு வெறும் துணி சுத்தின கதைதான், தண்ணியை உள்ள விட்டுட்டு வெளில போக விடாம தேக்கி வச்சுக்கும். கடற்கரை ஊர்ல உப்புக்காத்து செய்யற வேலையை இங்க வெயிலும் மழையும் மாத்தி மாத்தி வந்து செஞ்சிடுது. மாடில வெறும் டேப்பு சுத்தின மூட்டு எதுவா இருந்தாலும் கெட்டுபோச்சுன்னே வச்சுகிட்டு திறந்து பாருங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ரிப்பேர் எப்படி பண்ணோம்னா, மூட்டை அதே இடத்துல புதுசாக்கல. எல்என்பில இருந்து ஹெட்ரூம் வரைக்கும் புது ஆர்ஜி 6 ஒரே துண்டா இழுத்து, மூட்டை ஹெட்ரூமுக்கு உள்ள கொண்டுவந்துட்டோம், அங்க மழையும் இல்ல வெயிலும் இல்ல. பைப்புக்குள்ள ஓடற பழைய ஆர்ஜி 59ஐ உருவப் பார்த்தோம், பெண்டுல பூச்சு சிமெண்ட் இறங்கி கெட்டியா பிடிச்சுகிட்டு இருக்கு, செவுத்தை உடைக்காம வராது. அந்த வயர் உள்ள நல்லா இருக்கான்னு தனியா அளந்தோம், ஓம் சரியா நின்னுச்சு, முனைல இருந்து ஒரு அடிக்கு மேல வெட்டி தள்ளினதுக்கப்புறம் வலை பளிச்சுன்னு வந்துச்சு, அதனால அதை அப்படியே விட்டோம். இந்த வெட்டற விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது, தண்ணி வலை வழியா ரொம்ப தூரம் உறிஞ்சிகிட்டு போயிருக்கும், கருப்போ வெள்ளைப்பொடியோ தெரியாம போற வரைக்கும் வெட்டிகிட்டே போகணும்.

பஜார்ல கனெக்டர் வாங்கப் போனப்போ கடை பாய் முதல்ல கேட்டதே "வயர் துண்டு கொண்டாந்தியா?"ன்னுதான். அதுதான் சரி. ஆர்ஜி 59க்கு ஆர்ஜி 59 கனெக்டர், ஆர்ஜி 6க்கு ஆர்ஜி 6 கனெக்டர், ஒண்ணு பத்து இருபது ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும், இதுல மிச்சம் பிடிக்க ஒண்ணும் இல்ல. மூணு வகை இருக்கு: கையாலயே திருகறது, ப்ளையர்ல நசுக்கற கிரிம்ப், டூல் வச்சு அழுத்தற கம்ப்ரெஷன். மாடிக்கு கம்ப்ரெஷன்தான் போடணும், அது வயரைச் சுத்தி ஒரே சீரா இறுக்கும், தண்ணிக்கு வழி விடாது. டூலை காட்பாடில டிஷ் மாட்டற ஒரு தம்பிகிட்ட வாங்கிட்டு வந்தோம். திருகு கனெக்டர் வீட்டுக்குள்ள, யாரும் இழுக்காத இடத்துல போட்டா தப்பில்ல.

வயர் சீவறதுல கை நிதானம் வேணும். மேல் தோலை நுனில இருந்து அரை இஞ்ச் எடுத்தோம், வலையை பின்னாடி மடிச்சு தோல் மேல படிய வச்சோம், வெள்ளை ஃபோமை கால் இஞ்ச் மட்டும் சீவி நடு கம்பியை வெளிய விட்டோம். ஃபோம் மேல ஒட்டியிருக்கற சில்வர் பேப்பரை உரிக்கக்கூடாது, அது இருக்கணும். பிளேடு நடு கம்பில கீறல் போட்டுடக்கூடாது, செம்பு பூச்சு அங்க உரிஞ்சா துரு தொடங்க இடம் கொடுத்த மாதிரி ஆயிடும், பின்னாடி மடக்கும்போது முறியறதும் அங்கதான். அப்புறம் கனெக்டரை நேரா உள்ள தள்ளணும், நட்டு வழியா உள்ள எட்டிப் பார்த்தா வெள்ளை ஃபோம் அடித்தட்டுக்கு சமமா வந்து நிக்கணும். நிறைய பேரு பாதி தள்ளிட்டு நசுக்கிடறாங்க. நடு கம்பி நட்டு விளிம்பைத் தாண்டி 2 மில்லிமீட்டர் போல நீட்டினா போதும், ரொம்ப குட்டையா இருந்தா ஜாயின்டர் ஸ்பிரிங் கவ்வாது, ரொம்ப நீளமா இருந்தா உள்ள போய் வளையும். கடைசியா வெளிச்சத்துல ஒரு தடவை உள்ள பாருங்க, வலைல இருந்து முடி கனத்துல ஒரு இழை நடு கம்பியைத் தொட்டாலும் பாக்ஸ் ஷார்ட்னு சொல்லி எல்லா சேனலையும் நிறுத்திடும்.

ஜாயின்டர் புதுசு. பழசை சுத்தம் பண்ணி போடலாமான்னு கேட்டாங்க, கூடாது. உள்ள முறிஞ்ச முனை சிக்கியிருக்கு, அதை ஊசி விட்டு நோண்டினா ஸ்பிரிங் அகண்டுடும், அகண்ட ஸ்பிரிங் திரும்ப கவ்வாது. நட்டை கையால முடிஞ்ச வரைக்கும் இறுக்கிட்டு 11 மில்லிமீட்டர் ஸ்பேனர்ல இன்னும் கொஞ்சூண்டு, கால் சுத்துக்கும் உள்ள, அவ்வளவுதான். பலத்தைக் காட்டினா எல்என்பி பக்கம் இருக்கற திருகு மொத்தமா சுத்தி உள்ள இருக்கற சர்க்யூட்ல விரிசல் விடும்.

எல்என்பிகிட்ட இருக்கற மூட்டு ஒண்ணுதான் இப்போ வெளில நிக்குது. அதுக்கு தனக்குத்தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்பு போட்டோம், அதுல பிசினே கிடையாது, இழுத்து சுத்தினா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே கட்டியா ஆயிடும், வெயில் அதை நழுவ விடாது. கீழ இருந்து மேல சுத்தணும், அப்பதான் ஒவ்வொரு சுத்தும் தண்ணியை வெளிப்பக்கம் தள்ளும். கூடவே எல்என்பிக்கு கீழ வயரை ஒரு தொங்கல் விட்டு கட்டினோம், வயர் வழியா ஒழுகற தண்ணி அந்த தொங்கலோட அடில சொட்டிடும், கனெக்டர் பக்கம் ஏறாது. சிலிக்கான் பூசலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. பூசறதா இருந்தா டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடிக்கற சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது காயும்போது விடற அமிலம் செம்பை அரிக்கும், நியூட்ரல்னு போட்டிருக்கறதுதான் சரி.

வேலை முடிச்சு அதே 120 ஓம் ரெசிஸ்டரை மாட்டி அளந்தா 17.5 வோல்ட். ஆனா மத்தியானம் அளந்ததை வச்சு கேஸை மூட முடியாது, ஏன்னா பழைய மூட்டும் மத்தியானம் நல்லாத்தான் இருந்துச்சு. அதனால மறுநாள் விடியறதுக்கு முன்னாடி, பனி சொட்டற நேரத்துலயே அளந்தோம், அதே 17.5. எச் டிரான்ஸ்பாண்டர் எல்லாம் சிக்னல் பக்கத்துல குவாலிட்டியோட நின்னுச்சு, ஆயா குளிச்சுட்டு வந்து சேனல் போட்டு உக்காந்துட்டாங்க. அப்புறம் போகி வரைக்கும் மருமக காலண்டர் பேப்பர்ல எழுதிகிட்டே இருந்தாங்க, எந்த காலையும் ஒரு சேனலும் விட்டுப்போகல. எல்என்பி அதேதான், டிஷ் அதேதான், பாக்ஸும் அதேதான்.

இதே அறிகுறி உங்க வீட்ல வந்தா இதே காரணம்தான்னு எடுத்துக்க முடியாத இடம் சிலது இருக்கு, அதையும் சொல்லிடறேன். உங்க டிடிஎச் எல்லா சேனலையும் ஒரே பக்கத்துல, எச்ல மட்டும் அனுப்பினா வோல்ட் குறையும்போது பாதி சேனல் போகாது, மொத்தமா போகும், அப்போ ரெசிஸ்டர் சோதனைதான் வழிகாட்டும். காலை, மத்தியானம், ஈரம், வெயில்னு வித்தியாசமே இல்லாம எச் சேனல் எப்பவும் வரலைன்னா எல்என்பியோ பாக்ஸோட 18 வோல்ட் சப்ளையோதான் முதல் சந்தேகம், பாக்ஸ் பின்னாடியே ரெசிஸ்டர் மாட்டி அளந்தா பாக்ஸ் பக்கம் தெரிஞ்சுடும். ஒரே டிஷ்ஷுல ரெண்டு டிவிக்கு சாதா கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தா, ஒரு பாக்ஸ் 13 கேக்கும்போது இன்னொண்ணு 18 கேக்கும், ரெண்டும் சண்டை போட்டு இதே மாதிரி பாதி சேனல் போகும், அதுக்கு ரெண்டு வாய் இருக்கற ட்வின் எல்என்பி போட்டு தனித்தனி வயர் இழுக்கணும். அந்த வீட்டு மாடி போர்ஷனுக்கு குடி வரப்போறவங்க கீழ் வீட்டு டிஷ்லயே ஒரு வயர் எடுத்துக்கலாமான்னு கேட்டிருக்காங்க, அவங்களுக்கும் ட்வின் எல்என்பிதான் எழுதிக் கொடுத்திருக்கேன்.